ஓசிஆர் தந்த கோப்பைக் கட்டளை வரியில் செப்பனிடுதல்

பழைய நூல் ஒன்றை ஸ்கேன் செய்து, டெசராக்டிலோ கூகுள் டிரைவிலோ ஓசிஆர் ஓட்டி, உரைக் கோப்பாக எடுத்துவிட்டீர்கள். திறந்து பார்த்தால் பக்க எண்கள் பத்தி நடுவே கிடக்கின்றன. நூலின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் தலைநீட்டுகிறது. வரி முடிவில் சொற்கள் உடைந்திருக்கின்றன. ‘அவர்கள்’ கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, தேடினால் கிடைப்பதில்லை. இருநூறு பக்கத்தையும் கையால் திருத்த உட்கார்ந்தால் ஐம்பதாம் பக்கத்திலேயே கண் ஏமாற்றத் தொடங்கிவிடும்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் கட்டளைகளிடம் ஒப்படைத்துவிடலாம். ஒரே ஒருமுறை வரும் பிழைதான் உங்கள் கண்ணுக்கான வேலை. கட்டளைகளுக்கு ஒரு குணம் உண்டு: சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு படியும் இரண்டு பாகம். முதலில் எந்தெந்த வரிகள் மாறும் என்று பார்ப்போம், பிறகுதான் மாற்றுவோம். அவசரத்தில் முதல் பாகத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

## தேவையானவை

லினக்ஸ் கணினி போதும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் நிறுவி, அதற்குள் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். மேக்கில் டெர்மினல் இருக்கிறது, ஆனால் அதில் வரும் செட் வேறு வகை. கீழே உள்ள சில கட்டளைகள் அதில் வேறுவிதமாக நடக்கும். ஹோம்ப்ரூ வழியாக ஜிஎன்யூ செட்டை நிறுவிக்கொண்டு, செட் வரும் இடமெல்லாம் ஜிசெட் (ஜி, எஸ், இ, டி) என்று அடித்தால் சிக்கல் இல்லை.

தொடங்கும் முன் ‘லோகேல்’ (எல், ஓ, சி, ஏ, எல், இ) என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வரும் வரிகளில் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டளைகள் தமிழ் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் பைட்டுகளாகப் பிய்த்துவிடும். இந்தக் கருவிகளில் பல 1970களில் பெல் ஆய்வகத்தில், ஆங்கிலம் ஒன்றையே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

இந்த நூலில் கட்டளைகளைப் படிக்கும் முறை. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்:

- கிரெப் (வரிகளைத் தேடிக் காட்டும்): ஜி, ஆர், இ, பி
- செட் (மாற்றும், நீக்கும்): எஸ், இ, டி
- ஆக் (பத்தி பத்தியாக வேலை செய்யும்): ஏ, டபிள்யூ, கே
- சார்ட் (வரிசைப்படுத்தும்): எஸ், ஓ, ஆர், டி
- யுனிக் (அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளைத் தொகுக்கும்): யூ, என், ஐ, கியூ
- டிஃப் (இரு கோப்புகளை ஒப்பிடும்): டி, ஐ, எஃப், எஃப்
- டபிள்யூசி (எண்ணும்): டபிள்யூ, சி
- ஹெட் (முதல் சில வரிகளைக் காட்டும்): எச், இ, ஏ, டி
- சிபி (நகலெடுக்கும்): சி, பி

மேற்கோள் குறிக்குள் முதலில் வரும் எஸ், கடைசியில் வரும் ஜி அல்லது டி, பின்சாய்கோட்டை ஒட்டி வரும் எழுத்து, கழித்தல் குறியை ஒட்டி வரும் எழுத்து ஆகியவை ஆங்கில விசைகள். சாய்கோடுகளுக்கு நடுவே உள்ள தமிழைத் தமிழாகவே அடியுங்கள். கோப்புப் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். பெயருக்குள் இடைவெளி மட்டும் வேண்டாம்.

> குறிப்பு: பல டெர்மினல்களில் தமிழ் கோணல்மாணலாகத் தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், திரையில் காட்டும் விதம்தான் அப்படி. சந்தேகம் வந்தால் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து பாருங்கள்.

## தெரிந்திருக்க வேண்டிய ஒரே கோட்பாடு

‘தமிழ்’ உங்களுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 15 பைட். டபிள்யூசி கட்டளைக்கு -எம் கொடுத்தால் 5 என்றும், -சி கொடுத்தால் 15 என்றும் எண்ணும் (கோப்பில் வரிமுடிவுக் குறி இருந்தால் அதற்கு ஒன்று கூடும்).

இதிலிருந்து வரும் விளைவு முக்கியம். ‘ன’ என்று தேடினால் ன மட்டும் கிடைக்காது. னா, னி, னு, ன் எல்லாவற்றுக்குள்ளும் ன இருப்பதால் அத்தனையும் கிடைக்கும். ஒற்றைப் புள்ளி (.) ‘ஏதாவது ஒரு குறி’ என்று பொருள்படும். அது ‘கி’ என்ற முழு எழுத்தைப் பிடிக்காது, அதில் பாதியைத்தான் பிடிக்கும். தமிழ்க் கோப்பில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான்.

## படி 1: மூலத்தைப் பூட்டுங்கள்

1. தனியாக ஒரு ஃபோல்டர் எடுத்து, ஓசிஆர் கோப்பை அதில் ‘மூலம்’ என்ற பெயரில் வையுங்கள்.
2. நகல் எடுங்கள்:

    சிபி மூலம் வேலை1

3. மூலத்தை எழுத முடியாதபடி ஆக்குங்கள் (கட்டளை: சி, எச், எம், ஓ, டி):

    சிஎச்மோட் ஏ-டபிள்யூ மூலம்

4. ‘டபிள்யூசி வேலை1’ ஓட்டி, வரும் மூன்று எண்களை (வரி, சொல், பைட்) ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு படியின் வெளியீடும் வேலை2, வேலை3 என்று புதுக் கோப்பாகப் போகும். ஃபோல்டரில் கோப்புகள் பெருகும், பெருகட்டும். உரைக் கோப்பு அடைக்கும் இடம் ஒன்றுமே இல்லை.

> எச்சரிக்கை: படிக்கும் கோப்பையும் எழுதும் கோப்பையும் ஒன்றாக வைக்காதீர்கள். ‘செட் … வேலை1 > வேலை1’ என்று அடித்தால், செட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் வேலை1ஐக் காலி செய்துவிடும். மிஞ்சுவது பூஜ்யம் பைட். பிழைச்செய்தி எதுவும் வராது.

செட்டுக்கு -ஐ என்றொரு விருப்பம் உண்டு, கோப்பை உள்ளேயே மாற்றிவிடும். எங்கும் அதைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் படியில் பிசகியது என்று பின்னால் தேடும்போது இடைக்கோப்புகள்தான் கைகொடுக்கும். பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் ‘-ஐ.பழசு’ என்று ஒட்டி எழுதுங்கள். பழைய கோப்பு ‘.பழசு’ என்ற ஒட்டுடன் தங்கும்.

## படி 2: கண்ணுக்குத் தெரியாத குப்பை

டெசராக்ட் பல பக்கங்களை ஒரே கோப்பாகத் தரும்போது பக்கத்துக்குப் பக்கம் நடுவே ‘ஃபார்ம் ஃபீட்’ என்ற குறியைப் போடும். அது திரையில் தெரியாது. பக்கத்தின் முதல் வரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதால், ‘எண் மட்டும் உள்ள வரி’ என்று பின்னால் நீங்கள் தேடும்போது, மேலே அச்சான பக்க எண்கள் சிக்காமல் நழுவும். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஒரு குறி இருக்கும். இரண்டையும், வரியின் முன்பின் வெற்றிடங்களையும் ஒரே ஓட்டத்தில் நீக்கலாம்:

    செட் -இ 'எஸ்/\எஃப்//ஜி' -இ 'எஸ்/\ஆர்$//' -இ 'எஸ்/^ *//' -இ 'எஸ்/ *$//' வேலை1 > வேலை2

^ என்பது வரித் தொடக்கம், $ வரி முடிவு. நட்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கோப்பில் பத்திகள் வெற்று வரியால் பிரியாமல், முதல் வரி உள்தள்ளியிருப்பதால் மட்டும் பிரிகின்றன என்றால் இதை ஓட்டும் முன் நில்லுங்கள். மூன்றாம் விதி அந்த உள்தள்ளலை அழித்துவிடும். அதற்கு முன்னால், இரண்டோ அதற்கு மேலோ இடைவெளியுடன் தொடங்கும் வரிகளின் முன் ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிடுங்கள்:

    செட் 'எஸ்/^   */\என்/' வேலை1 > வேலை1அ

பிறகு மேலே உள்ள கட்டளையில் வேலை1 என்ற இடத்தில் வேலை1அ என்று கொடுங்கள்.

அடுத்தது ஒகரம். ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. இதைச் சமன்செய்ய யூகான்வ் (யூ, சி, ஓ, என், வி) என்ற கருவி உண்டு. உபுண்டுவில் ஐசியூ-டெவ்டூல்ஸ் என்ற தொகுப்பில் வரும்:

    யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி வேலை2 > வேலை3

> பழைய கோப்புகள்: ஓசிஆர் இல்லாமல், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தட்டச்சான கோப்பு கைக்கு வந்து, திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகிறதா? அது டிஸ்கி குறியீட்டில் இருக்கலாம். லினக்ஸின் ஐகான்வ் (ஐ, சி, ஓ, என், வி) கட்டளைக்கு டிஸ்கி தெரியும்: -எஃப் விருப்பத்தில் டிஎஸ்சிஐஐ, -டி விருப்பத்தில் யூடிஎஃப்-8 கொடுங்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததென்றால் ஐகான்வ் உதவாது, தனி மாற்றி தேவை.

## படி 3: பக்க எண்ணும் தலைவரியும்

முதலில் பாருங்கள். -என் வரி எண்ணையும் சேர்த்துக் காட்டும்:

    கிரெப் -என் '^[0-9 ]*[0-9]$' வேலை3

பட்டியலை நிதானமாகப் படியுங்கள். 1, 2, 3 என்று ஒழுங்காக ஏறினால் பக்க எண்கள். நடுவே 1947 என்று ஒரு வரி வந்தால் அது பக்க எண்ணாக இருக்காது. ஒவ்வொரு இயலின் தலைப்பும் எண்ணாக மட்டுமே இருக்கும் நூல்களில் 1, 2, 3 இரண்டு தொடர்களாக வரும். காப்பாற்ற வேண்டிய வரிகளின் முன்னால் எடிட்டரில் ஒரு # போட்டுச் சேமியுங்கள். பிறகு நீக்குங்கள்:

    செட் '/^[0-9 ]*[0-9]$/டி' வேலை3 > வேலை4

தலைவரிகளைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நூலில் அதிகமுறை திரும்ப வரும் வரி எது? தலைவரிதான். இடப்பக்கத்தில் நூலின் பெயரும் வலப்பக்கத்தில் இயலின் பெயரும் அச்சாவது வழக்கம். பக்க எண் அதே வரியில் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றும் வேறு வரியாகத் தெரியும் என்பதால், எண்களை உதிர்த்துவிட்டு எண்ணுவோம்:

    செட் 'எஸ்/[0-9]//ஜி' வேலை4 | செட் -இ 'எஸ்/^ *//' -இ 'எஸ்/ *$//' | சார்ட் | யுனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட் -40

முதல் வரியாக, பெரிய எண்ணிக்கையுடன் வெற்று வரி நிற்கும், அதை விடுங்கள். அடுத்து ‘நாட்டுப்புறக் கதைகள்’ 85 முறை, ‘நாட்டுப்புறக கதைகள்’ 6 முறை, ‘நாட்டுப்புறக் கதைகன்’ 3 முறை என்பதுபோல் ஒரே தலைவரியின் பல வேடங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வேடத்தையும் முன்னும் பின்னும் எண் வர இடம் விட்டு, ‘தலைப்புகள்’ என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்:

    [0-9 ]*நாட்டுப்புறக் கதைகள்[0-9 ]*

பிறகு அந்த வரிகளைத் தவிர மற்றதெல்லாம்:

    கிரெப் -வி -எக்ஸ் -எஃப் தலைப்புகள் வேலை4 > வேலை5

இங்கே மூன்று விருப்பங்களுக்கும் வேலை உண்டு. -வி பொருந்தாதவற்றை மட்டும் காட்டும். -எக்ஸ் முழு வரியும் பொருந்தினால்தான் பொருத்தம் என்று கொள்ளும். இது இல்லாவிட்டால் நூலின் பெயரைக் குறிப்பிடும் முன்னுரை வாக்கியமும் பறிபோகும். -எஃப் பட்டியலைக் கோப்பிலிருந்து எடுக்கும்.

> எச்சரிக்கை: ‘தலைப்புகள்’ கோப்பில் தவறிப்போய்க்கூட வெற்று வரி இருக்கக் கூடாது. இருந்தால் பத்திகளைப் பிரிக்கும் வெற்று வரிகள் எல்லாம் போய், நூல் முழுவதும் ஒரே பத்தியாகிவிடும். -எக்ஸும் மறந்திருந்தால் வேலை5இல் எதுவுமே மிஞ்சாது.

இயலின் தலைப்பு, அந்த இயலின் முதல் பக்கத்திலும் தலைப்பாக ஒருமுறை வந்திருக்கும். அதுவும் சேர்ந்து நீங்கும். தலைப்புகளைப் பின்னால் பொருளடக்கத்தைப் பார்த்துக் கையால் சேர்த்துவிடுங்கள். பத்து, இருபது வரிகள்தானே.

## படி 4: உடைந்த வரிகளை ஒட்டுவது

இந்தப் படியில்தான் நேரம் செலவாகும். செலவழிப்பது நல்லது.

செய்யுள் இருந்தால் முதலில் அதை வெட்டித் தனிக் கோப்பில் வையுங்கள். உரைநடையை ஒட்டும் கட்டளை வெண்பாவையும் ஒட்டிவிடும்.

ஆங்கில நூல்களில் வரி முடிவில் சொல் உடைந்தால் சிறுகோடு இருக்கும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அதுகூட இருக்காது. ‘கண்டா’ என்று ஒரு வரி முடியும். அடுத்த வரி ‘ள்’ என்று தொடங்கும். வெறுமனே வரிகளை ஒட்டினால் ‘கண்டா ள்’ என்று நடுவில் வெற்றிடம் விழும். எந்த இடத்தில் வெற்றிடம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

இலக்கணம் உதவிக்கு வருகிறது. ண, ன, ற, ழ, ள ஆகியவை தமிழில் சொல்லுக்கு முதலில் வாரா. மெய்யெழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. ஆக, இவற்றில் தொடங்கும் வரி எதுவானாலும் அது முந்தைய வரியின் மிச்சம். பள்ளியில் மனப்பாடம் செய்த மொழிமுதல் எழுத்துகள் இப்படிப் பயன்படும் என்று யார் நினைத்தது!

1. கோப்பில் @ குறி ஏற்கெனவே இல்லை என்று உறுதிசெய்யுங்கள். -சி எண்ணிக்கையைத் தரும். பூஜ்யம் வர வேண்டும்:

    கிரெப் -சி '@' வேலை5

2. எந்த வரிகள் சிக்கும் என்று பாருங்கள்:

    கிரெப் -என் '^[ணனறழள]' வேலை5
    கிரெப் -என் '^[கஙசஞடதநபமயரலவ]்' வேலை5

இரண்டாவதில் சதுர அடைப்புக்குப் பின் வருவது மெய்ப்புள்ளி. ஸ-வை வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. ஸ்டேஷனும் ஸ்ரீரங்கமும் வரித் தொடக்கத்தில் இயல்பாக வரும். ‘ப்ரியா’, ‘க்ரியா’ போன்ற எழுத்துக்கூட்டல் உள்ள நூலானால் அந்த வரிகளைக் கவனியுங்கள். இலக்கண நூலானால் இந்த வழியே வேண்டாம். ‘ழகரம்’ என்று பல வரிகள் தொடங்கும்.

3. அந்த வரிகளின் முன் @ போடுங்கள். & என்பது ‘பிடித்ததை அப்படியே வை’ என்று பொருள்:

    செட் -இ 'எஸ்/^[ணனறழள]/@&/' -இ 'எஸ்/^[கஙசஞடதநபமயரலவ]்/@&/' வேலை5 > வேலை6

4. சிறுகோட்டில் முடியும் எண்களைத் தேடுங்கள்:

    கிரெப் -என் '[0-9]-$' வேலை6

‘1965-’ என்று ஒரு வரி முடிந்து அடுத்தது ‘66’ என்று தொடங்கினால், அடுத்த கட்டளை இரண்டையும் சேர்த்து 196566 ஆக்கிவிடும். இத்தகைய இடங்களைக் கையால் ஒட்டிவிடுங்கள்.

5. பத்தி பத்தியாக ஒட்டுங்கள். ஆர்எஸ் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. அதற்குப் பின் சமக்குறி, பிறகு இடைவெளி. ஜிசப் (ஜி, எஸ், யூ, பி), பிரிண்ட் இரண்டும் சிறிய எழுத்து:

    ஆக் -வி ஆர்எஸ்= '{ஜிசப்(/-\என்@?/,""); ஜிசப்(/\என்/," "); பிரிண்ட் $0 "\என்"}' வேலை6 > வேலை7

6. @ போட்ட இடங்களில் வெற்றிடத்தை எடுத்துவிடுங்கள்:

    செட் 'எஸ்/ @//ஜி' வேலை7 > வேலை8

7. இன்னும் @ எங்காவது மிஞ்சியிருக்கிறதா?

    கிரெப் -என் '^@' வேலை8

மிஞ்சியிருந்தால் நல்லதுதான். பத்தியின் தொடக்கத்தில் @ நிற்கிறது என்றால், பக்கம் மாறிய இடத்தில் ஒரே பத்தி இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளந்த மற்ற பத்திகளையும் பிடிக்க, நிறுத்தக் குறி இல்லாமல் முடியும் பத்திகளைக் கேளுங்கள்:

    கிரெப் -என் '[^.?!:"”’)]$' வேலை8

வருபவை தலைப்புகளாக இருக்கும் அல்லது பிளந்த பத்திகளாக இருக்கும். எடிட்டரில் ஒட்டிவிடுங்கள்.

ர, ல இரண்டையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் ராமனும் ரூபாயும் லாபமும். ‘வந்தி’ / ‘ருந்தான்’ போன்ற உடைப்புகள் இதனால் தப்பிவிடும். @ போடும் முன்பே ‘^[ரல]’ என்று தேடி, உடைந்தவற்றுக்கு மட்டும் நீங்களே @ போட்டுக்கொள்ளலாம்.

## படி 5: எழுத்துப் பிழைகளுக்கு ஒரு விதிக் கோப்பு

பழைய அச்சில் ர், ரி ஆகியவற்றின் ரகரம் கீழ்க்கோடு இல்லாமல், துணைக்கால் போலவே இருக்கும். அதனால் ஓசிஆரும் பழைய எழுத்துரு மாற்றிகளும் ர-வுக்குப் பதில் காலைப் போட்டுவிடுகின்றன. ‘அவா்கள்’, ‘சோ்ந்த’, ‘தோ்தல்’, ‘புதுச்சோி’ என்று செய்தித் தளங்களில்கூடப் பார்க்கலாம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் நமக்கு ஒரு வசதி. காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் வரவே முடியாது. ஆகவே இந்த மாற்றங்களைத் தயங்காமல் செய்யலாம். ‘திருத்தம்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, வரிக்கு ஒரு விதியாக எழுதுங்கள். கோப்பில் எழுதும்போது மேற்கோள் குறி வேண்டாம்:

    எஸ்/ா்/ர்/ஜி
    எஸ்/ாி/ரி/ஜி
    எஸ்/ொ்/ெர்/ஜி
    எஸ்/ோ்/ேர்/ஜி
    எஸ்/ொி/ெரி/ஜி
    எஸ்/ோி/ேரி/ஜி

கீழ் நான்கு விதிகள் எதற்கு? ‘புதுச்சேரி’யில் ரகரம் காலாக மாறினால் கோப்பில் ஏகாரக் கொம்பும் காலும் அருகருகே வரும். படி 2இல் யூகான்வ் அந்த இரண்டையும் ஒரே ஓகாரக் குறியாகச் சேர்த்துவிட்டது. முதல் இரண்டு விதிகளுக்கு அங்கே கால் என்று தனியாக ஒன்றும் தென்படாது.

ஓட்டும் கட்டளை:

    செட் -எஃப் திருத்தம் வேலை8 > வேலை9

ஒவ்வொரு விதியின் கடைசியிலும் உள்ள ஜி-யை மறந்தால் வரிக்கு ஒரு பிழைதான் திருந்தும். பத்திகளை ஒட்டிய பிறகு ஒரு பத்தி ஒரு வரி. அதில் முதல் ‘அவா்கள்’ மட்டும் திருந்தி மற்றவை அப்படியே நிற்கும்.

ஔகாரம்: தயங்க வேண்டிய இடம். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும், ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும் வந்திருக்கும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ளகரம் உட்கார்ந்திருக்கிறது. கொம்பு–ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரே விதி எழுதத் தோன்றும். எழுதினால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் நாசம். உயிர்க்குறி இல்லாத ளகரத்தை மட்டும் மாற்றினால்? அதுவும் போதாது. கிராமத்துப் பேச்சில் எழுதிய கதைகளில் ‘வெளக்கு’, ‘வெளங்குமா’ என்று வரும், அவையும் மாறிவிடும். இங்கே சொல் சொல்லாகப் போவதே நல்லது. முதலில் எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். -ஓ பொருந்திய பகுதியை மட்டும் காட்டும்:

    கிரெப் -ஓ '[^ ]*ெள[^ ]*' வேலை9 | சார்ட் | யுனிக் -சி

பிறகு தேவையானவற்றை மட்டும் ‘திருத்தம்’ கோப்பில் சேருங்கள்:

    எஸ்/கெளர/கௌர/ஜி
    எஸ்/மெளன/மௌன/ஜி
    எஸ்/பெளர்/பௌர்/ஜி

விதிகள் மேலிருந்து கீழாக ஓடும். ‘பெளர்ணமி’யில் ர் காலாக இருந்தால் முதல் விதி அதைத் திருத்திய பிறகுதான் மூன்றாம் ஔகார விதிக்கு அது தென்படும். ஆகவே ரகர விதிகள் மேலே, ஔகார விதிகள் கீழே. சேர்த்து முடித்ததும் மேலே உள்ள ஓட்டும் கட்டளையை வேலை8இன் மீது மறுபடி ஓட்டுங்கள்; பழைய வேலை9இன் இடத்தில் புதியது வந்து நிற்கும்.

> எச்சரிக்கை: எழுத்துக்கு எழுத்து மாற்ற டிஆர் (டி, ஆர்) என்ற கட்டளை சுருக்கமானது என்று யாராவது சொல்வார்கள். ஜிஎன்யூ டிஆர் பைட்டுகளைத்தான் மாற்றும், எழுத்துகளை அல்ல. ஜ-வைச் ச-வாக்கச் சொன்னால் மாற்றிவிடும், கூடவே, ஜ-வின் கடைசி பைட்டே “ என்ற தொடக்க மேற்கோளுக்கும் கடைசி பைட்டாக இருப்பதால், நூலில் உள்ள தொடக்க மேற்கோள்கள் எல்லாம் ‚ என்று கீழே இறங்கிவிடும். தமிழுக்கு டிஆர் வேண்டாம்.

## படி 6: மாற்றியதைச் சரிபார்த்தல்

    டிஃப் வேலை8 வேலை9 | லெஸ்

< குறி பழைய வரி, > குறி புதிய வரி. (லெஸ்: எல், இ, எஸ், எஸ். வெளியே வர கியூ.) எல்லாவற்றையும் படிக்க முடியாது, நான்கைந்து திரைகள் புரட்டிப் பாருங்கள். எத்தனை வரிகள் மாறின என்று எண்ணுவது இன்னும் பயன் தரும்:

    டிஃப் வேலை8 வேலை9 | கிரெப் -சி '^>'

நாற்பது, ஐம்பது வரி மாறும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரம் மாறியிருந்தால் ஏதோ ஒரு விதி எல்லை மீறியிருக்கிறது. கடைசியாகச் சேர்த்த விதியின் முன்னால் # போட்டு மறுபடி ஓட்டுங்கள். # இட்ட வரியைச் செட் தாண்டிவிடும்.

டபிள்யூசி எண்களையும் முதல் நாள் தாளோடு ஒப்பிடுங்கள். வரிகள் வெகுவாகக் குறைந்திருக்கும், அது இயல்பு. சொற்கள் சிறிதளவு குறையலாம். பத்தில் ஒரு பங்கு சொல் காணாமல் போயிருந்தால் படி 3க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ‘தலைப்புகள்’ பட்டியல்தான் எதையோ விழுங்கியிருக்கும்.

## படி 7: கண்ணுக்கு விட்ட மிச்சம்

இனிமேல் கட்டளையால் திருத்த முடியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அதனால் காட்ட முடியும். சொற்பட்டியல் எடுங்கள்:

    கிரெப் -ஓ '[^ .,;:?!"“”()]*' வேலை9 | சார்ட் | யுனிக் -சி | சார்ட் -என் > சொற்கள்

ஒரே ஒருமுறை வரும் சொற்கள் மேலே நிற்கும். ஓசிஆர் பிழைகள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும்: ‘வரனம்’ (வானம்), ‘௭ன்று’ என்று தமிழ் எண் ஏழில் தொடங்கும் ‘என்று’. இரண்டாவதைத் தனியாகவே தேடுங்கள்:

    கிரெப் -என் '[௧௨௭௮]' வேலை9

நூலில் தமிழ் எண்கள் இல்லாவிட்டால் வருவது எல்லாமே பிழை.

பட்டியலில் ‘ஸ்ரீ’ இரண்டு தனி வரிகளாக நின்றால் திகைக்க வேண்டாம். ஒன்று ஸ-வில் தொடங்கியது, மற்றது ஶ-வில் தொடங்கியது. ஶ யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய வழக்கம் இன்னும் தொடர்கிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து நூல் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பட்டியலை நூலின் பின்னால் சொல்லடைவாகப் போடலாம் என்ற ஆசை வரும். அப்படியே போட்டுவிடாதீர்கள். சார்ட் தரும் வரிசை உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. யூனிகோட் எண் வரிசையில் போனால் ன என்ற எழுத்து ப-வுக்கு முன்னும், ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவிலும், ழ என்பது ள-வுக்குப் பின்னும் வரும். புள்ளி வைத்த மெய் அதன் உயிர்மெய்களுக்கெல்லாம் கடைசியில் நிற்கும். அகராதி வரிசை வேறு. அதை எப்படிப் பெறுவது என்பது அடுத்த அத்தியாயத்தில்.